மலையில் கடைசியாக வருகிறவர்

(தவக்காலத்தின் இரண்டாம் ஞாயிறன்று வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. நற்செய்தி: மத்தேயு 17:1-9)



திருவண்ணாமலைக்காரர்களுக்கு மலையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் கதவைத் திறந்தால் மலை. வெளியூர் போய்த் திரும்பும்போது, ஊர் வருவதற்கு வெகு முன்பே பேருந்துச் சன்னலில் மலை தெரிந்துவிடும். "வந்தாச்சு" என்று பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வோம். பௌர்ணமிதோறும் நம் சகோதர சமயத்தார் லட்சக்கணக்கில் வந்து, அந்த மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் தூரத்தைச் செருப்பில்லாமல் நடக்கிறார்கள். மலையின் அருகே வந்தால் மனிதன் கொஞ்சம் அடங்கி நடக்க வேண்டும் என்பது இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்த ஒன்று.

நம் மறைநூலிலும் மலைகள் நிறைய உண்டு. மோசேக்குச் சீனாய், எலியாவுக்குக் கர்மேல். இன்றைய நற்செய்தியில் இயேசு பேதுருவையும் யாக்கோபையும் யோவானையும் ஓர் உயர்ந்த மலைக்கு அழைத்துப் போகிறார். எந்த மலை என்று மத்தேயு பெயர் சொல்லவில்லை. அது தாபோர் மலை என்பது மரபு. அதன் உயரம் ஏறத்தாழ 575 மீட்டர். நம் திருவண்ணாமலையோ 814 மீட்டர். உயரத்தில் நம் மலைதான் பெரியது! அப்படியானால் அந்த மலைக்குப் பெருமை வந்தது உயரத்தால் அல்ல; அங்கே நடந்ததால். அங்கே என்ன நடந்தது என்பதை நான் சரியாகப் புரிந்துகொள்ள, வேறொரு மலையில் ஒரு தவறு செய்ய வேண்டியிருந்தது. அந்தத் தவற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

ஓர் ஆண்டு சனவரி மாதம், பங்கு இளைஞர்கள் என்னிடம் வந்தார்கள். "ஃபாதர், எல்லா வருசமும் கடற்கரைக்கே போறோம். இந்த வருசம் மலை ஏறலாமே" என்றார்கள். "நம் ஜவ்வாது மலை இருக்கிறதே" என்றேன். அது பழகிய மலையாம். மனிதர் அதிகம் போகாத காடு வேண்டுமாம். வனத்துறை இப்போது அனுமதியும் வழிகாட்டியும் கொடுத்து, குறிப்பிட்ட பாதைகளில் மட்டும் ஆட்களை அழைத்துப் போகிறது. அப்படி ஒரு பாதை நீலகிரியில் அவலாஞ்சியிலிருந்து கொலாரிபெட்டா சிகரத்துக்குப் போகிறது. அதைத் தேர்ந்தெடுத்தோம். இளைஞர்கள் பதினொரு பேர், மறைக்கல்வி ஆசிரியர் ஒருவர், நான் என்று மொத்தம் பதின்மூன்று பேர். இரவு ஒரு வேனில் ஏறி, செங்கம், அரூர், சேலம், மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டி போய்ச் சேர்ந்தோம்.

பெற்றோர் சிலர் பயந்தார்கள். அது நியாயமான பயம். 2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் என்ன நடந்தது என்பதைத் தமிழ்நாடு மறக்கவில்லை. மலையேறிவிட்டு இறங்கிக்கொண்டிருந்தவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். பெரும்பாலும் இளம் வயதினர். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கான விதிகள் இறுக்கமாயின. அதனால் நானும் எல்லா விதிகளையும் படித்து, "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பெற்றோருக்கு வாக்குக் கொடுத்துத்தான் பிள்ளைகளை அழைத்துப் போனேன். அந்த வாக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்பார்ந்தவர்களே, நாங்கள் போன இடத்தைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். நீலகிரியின் மேற்கு ஓரத்தில், கேரள எல்லையை ஒட்டி, முக்குருத்தி தேசியப் பூங்கா இருக்கிறது. பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்குமரமும் நினைவுக்கு வரும். இது அப்படியல்ல. சுமார் 78 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள காடு. கடையில்லை, வீடில்லை. 1990இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2012இல் மேற்குத் தொடர்ச்சி மலை உலகப் பாரம்பரியச் சொத்தாக ஏற்கப்பட்டபோது இதுவும் அதில் சேர்ந்தது. கொலாரிபெட்டாவின் உயரம் 2,629 மீட்டர். நம் மலையைப்போல மூன்று மடங்குக்கும் மேல்.

அங்கே உச்சிகளில் மரம் கிடையாது, புல்தான். மலை மடிப்புகளில் மட்டும், தண்ணீர் ஓடுகிற இடங்களில், குட்டையான மரங்கள் நெருக்கியடித்து நிற்கும். அதைச் சோலை என்கிறார்கள். புல்வெளியில் ஆங்காங்கே காட்டுப் பூவரசு சிவப்பாகப் பூத்திருந்தது. இமயமலையில் பூக்கிற மரத்தின் உறவு அது. இடையில் இருக்கிற நம் சமவெளியில் எங்கும் அதைப் பார்க்க முடியாது.

பார்ப்பதற்கு வெறும் புல்லாகத் தெரிந்தாலும், அந்தப் புல்லும் சோலையும் சேர்ந்து ஒரு பெரிய வேலை செய்கின்றன. அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டு 8ஆம் நாள் ஒரே நாளில் 911 மில்லிமீட்டர் மழை பதிவானது. நம் மாவட்டத்தில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்கிற மழை ஏறக்குறைய அவ்வளவுதான். மலையில் பெய்கிற மழையைப் புல்லின் வேர்களும் சோலையின் மண்ணும் பிடித்துவைத்துக்கொண்டு, மழை நின்ற பிறகும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே விடுகின்றன. அங்கே பிறக்கிற பவானி ஆறு கேரளத்துக்குள் புகுந்து, மறுபடி தமிழ்நாட்டுக்குத் திரும்பி, பவானி நகரில் காவிரியோடு சேருகிறது. மலை தனக்கென்று தண்ணீரை வைத்துக்கொள்வதில்லை. உச்சியில் வாங்குவதெல்லாம் கீழே இருப்பவர்களுக்காக.

நம் மாநில விலங்கான வரையாடு வாழ்கிற இடமும் அதுதான். 2024இல் தமிழ்நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில் அவை மொத்தம் 1,031 இருப்பதாக மதிப்பிட்டார்கள். நம் பங்குத் திருவிழாவுக்கு வருகிற கூட்டம்கூட இல்லை! நாங்கள் ஒரு சிறு கூட்டத்தைப் பார்த்தோம். செங்குத்தான பாறையில், குட்டிகள் நடுவில், பெரிய ஆடு ஒன்று ஓரத்தில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. மற்றவை மேய்ந்தன, அது மேயவில்லை.

நீலகிரியின் தோடர் மக்கள் முக்குருத்திச் சிகரத்தை இறந்தவர்களின் ஆன்மா மறுவுலகுக்குப் போகும் வாயிலாகக் கருதுகிறார்கள். அந்த மக்களைத் தேடி 1603ஆம் ஆண்டு ஓர் இயேசு சபைக் குரு மலையேறி வந்தார் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. அவர் பெயர் ஜாக்கோமோ ஃபெனிச்சியோ, இத்தாலியர். மலைகளின் மேல், எல்லாராலும் மறக்கப்பட்டு, கிறிஸ்தவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள் என்று அன்று மலையாளக் கரையில் ஒரு பேச்சு இருந்தது. அதைக் கேட்டு அவரை அனுப்பினார்கள். சாலை இல்லாத காலம். ஏறி வந்து பார்த்தார். கிறிஸ்தவர்கள் இல்லை, எருமை மேய்க்கும் தோடர்கள் இருந்தார்கள். பார்த்ததை ஒரு கடிதமாக எழுதினார். தோடர்களைப் பற்றி நமக்குக் கிடைக்கிற மிகப் பழைய எழுத்துகளில் அது ஒன்று.

அந்தப் பயணம் வீண் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம்மவர்கள் யாரோ சிலர் பின்தங்கிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு. வெறும் பேச்சுதான். அதற்காக ஒரு திருச்சபை ஆள் அனுப்பியது. இன்று நம் பங்கில் உண்மையிலேயே பின்தங்கிவிட்டவர்களைத் தேடி, பக்கத்துத் தெருவுக்காவது போகிறோமா?

சரி, எங்கள் பயணத்துக்கு வருகிறேன். காலையில் சோதனைச் சாவடியில் எங்கள் பைகளைத் திறந்து பார்த்து, பிளாஸ்டிக் பொருள்களை எடுத்து வைத்துவிட்டார்கள். வழிகாட்டிகள் இரண்டு பேர். மூத்தவர் அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். அதிகம் பேசமாட்டார். கிளம்பும்முன் எங்களை ஒருமுறை எண்ணினார். பிறகு என்னிடம் வந்தார். "ஃபாதர், முன்னாடி நான் போறேன். நடுவுல இந்தத் தம்பி வருவான். நீங்க பெரியவர், கடைசியா வாங்க. ஒண்ணே ஒண்ணுதான். உங்களுக்குப் பின்னாடி யாரும் இருக்கக் கூடாது" என்றார்.

"சரிங்க அண்ணே" என்றேன்.

முதல் இரண்டு மணி நேரம் சொன்னபடியே நடந்தேன். ஆனால் கடைசியில் நடப்பது எவ்வளவு கடினம் என்று நடந்து பார்த்தால்தான் தெரியும். முன்னால் போகிறவர்கள் சிரிக்கும் சத்தம் கேட்கும். எதற்கு என்று தெரியாது. அவர்கள் வரையாட்டைப் பார்த்துவிட்டு நகர்ந்த பிறகுதான் நாம் போய்ச் சேருவோம். கடைசியில் வருகிற பையன் நின்றால் நாமும் நிற்க வேண்டும். சிகரம் கண்ணுக்குத் தெரிந்ததும் எனக்குள் ஒரு பரபரப்பு வந்தது. வயதானாலும் இன்னும் ஏற முடிகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்ற ஆசையும் இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். ஒருவரைத் தாண்டினேன். இன்னொருவரைத் தாண்டினேன். எப்போது கடைசி இடத்தை விட்டேன் என்று எனக்கே தெரியாது.

அந்த நேரத்தில் மேகம் இறங்கியது. மூடுபனி என்று நாம் மார்கழியில் பார்ப்பது வேறு. இது ஒரு நொடியில் எல்லாவற்றையும் துடைத்துவிடுகிறது. சிகரம் இல்லை, பள்ளத்தாக்கு இல்லை. பத்தடி தூரத்தில் நின்ற பையன் நிழலாகத் தெரிந்தான். மூத்த வழிகாட்டி நின்றுவிட்டார். "திரும்பிடலாம் ஃபாதர்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம்! "அண்ணே, இன்னும் அரை மணி நேரம்தானே? மேகம் கலைஞ்சிடாதா?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்தார். "ஃபாதர், நாம எத்தனை பேர் வந்தோம்?"

"பதின்மூணு பேர்."

"எண்ணிப் பாருங்க."

எண்ணினேன். பன்னிரண்டு. மறுபடியும் எண்ணினேன். பன்னிரண்டுதான்.

அன்பார்ந்தவர்களே, அந்த நிமிடத்தை என்னால் விவரிக்க முடியாது. அது யானையும் புலியும் நடமாடுகிற காடு. கூப்பிட்டால் குரல் மேகத்துக்குள்ளேயே அமிழ்ந்துவிடுகிறது. "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று எந்தத் தாயிடம் சொன்னேனோ, அந்தத் தாயின் முகம் என் கண்முன் வந்தது. செபமாலை கையில் இருந்தது. செபம் வாயில் வரவில்லை.

பிள்ளைகளை இளைய வழிகாட்டியோடு அங்கேயே உட்காரவைத்துவிட்டு, பெரியவரும் நானும் வந்த வழியே இறங்கினோம். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒரு சோலையின் ஓரத்தில், பாறைமேல், அவன் உட்கார்ந்திருந்தான். பாலிடெக்னிக் முதலாண்டு படிக்கிற பையன். ஒரு காலில் ஷூவைக் கழற்றியிருந்தான். குதிகால் தோல் உரிந்து, காலுறை இரத்தத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவனிடம் ஷூ கிடையாது. பக்கத்து வீட்டு அண்ணனிடம் இரவல் வாங்கி வந்தது, அளவு சின்னது. முதல் மணி நேரத்திலேயே கடிக்க ஆரம்பித்திருக்கிறது. சொன்னால் எல்லாருடைய பயணமும் கெட்டுவிடுமே என்று சொல்லவில்லை.

என்னைப் பார்த்ததும் அவன் என்ன சொன்னான் தெரியுமா? "நீங்க மேல போயிட்டு வாங்க ஃபாதர். நான் இங்கேயே உக்காந்திருக்கேன்."

அவன் என்னைக் குறை சொல்லவில்லை. பின்னால் விடப்படுவது அவனுக்குப் பழகிப்போயிருந்தது. அதுதான் என்னை உடைத்தது. வழிகாட்டி தன் துண்டைக் கிழித்து அவன் காலில் கட்டினார். அவரும் நானும் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்து அவனை இறக்கினோம். அன்று யாரும் சிகரத்தைத் தொடவில்லை. இறங்கும்போது வழியெல்லாம் நான் கடைசியாகவே வந்தேன்.

வேனில் திரும்பும்போது, எல்லாரும் தூங்கிய பிறகு, இன்றைய நற்செய்தியை மனதில் ஓட்டிப் பார்த்தேன். மலையுச்சியில் ஆண்டவரின் முகம் கதிரவனைப்போல் ஒளிர்கிறது. பேதுருவுக்கு அங்கிருந்து இறங்க மனமில்லை. மூன்று கூடாரங்கள் அடிக்கிறேன் என்கிறார். அவர் பேசி முடிக்கும்முன் மேகம் வந்து மூடுகிறது. தம் அன்பு மகனுக்குச் செவிசாய்க்கும்படி தந்தை சொல்கிறார். சீடர்கள் அஞ்சி முகங்குப்புற விழுகிறார்கள். அப்போது இயேசு ஒளியில் நின்றபடி அவர்களைக் கூப்பிடவில்லை. அருகில் வந்து, அவர்களைத் தொட்டு எழுப்புகிறார். பிறகு அவர்களைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்குகிறார்.

ஏன் இறங்க வேண்டும்? இன்று வாசித்த பகுதி 9ஆம் வசனத்தோடு நின்றுவிட்டது. வீட்டுக்குப் போனதும் 14ஆம் வசனத்திலிருந்து வாசித்துப் பாருங்கள். மலையடிவாரத்தில் ஒரு தகப்பன் காத்துக்கொண்டிருக்கிறான். அவன் மகனுக்கு வலிப்பு நோய். நெருப்பிலும் தண்ணீரிலும் விழுந்து விழுந்து எழுகிற பிள்ளை. சீடர்களால் குணமாக்க முடியவில்லை. பேதுரு மேலே கூடாரத்துக்கு இடம் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், கீழே அந்தத் தகப்பன் அந்தப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். இயேசுவுக்கு அவன் நினைவு இருந்தது. அவருக்குப் பின்னால் யாரும் விடப்படக் கூடாது. அதனால்தான் அவர் இறங்கினார், கல்வாரிவரை இறங்கினார்.

கடந்த 2025 செப்டம்பர் 7ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ, கார்லோ அக்குத்திஸோடு சேர்த்து இன்னோர் இளைஞரையும் புனிதராக அறிவித்தார். பியர் ஜார்ஜியோ பிரசாத்தி. இத்தாலியின் தூரின் நகரில் பணக்கார வீட்டுப் பிள்ளை. ஆல்ப்ஸ் மலைகளில் ஏறுவதில் அவருக்குத் தீராத ஆசை. 1925 சூன் மாதம் கடைசியாக ஏறியபோது எடுத்த படத்தில், மேல்நோக்கி என்ற பொருளில் இரண்டே சொற்கள் எழுதினார். ஆனால் மலையிலிருந்து இறங்கினால், அவர் போவது தூரின் சேரிகளுக்கு. கையிலிருந்த பயணக் காசை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தே போவார். அடுத்த மாதமே இளம்பிள்ளை வாதம் தாக்கி, 24 வயதில் இறந்தார். சாவதற்கு முந்திய நாள், செயலிழந்துகொண்டிருந்த கையால் ஒரு சீட்டு எழுதினார். ஓர் ஏழை நோயாளிக்கு மருந்து போய்ச் சேர வேண்டும் என்ற சீட்டு. அவருடைய அடக்கத்தன்று தெருவெல்லாம் ஏழைகள் திரண்டு நின்றதைப் பார்த்துத்தான், மகன் யார் என்று பெற்றோருக்கே தெரிந்தது. மேல்நோக்கி ஏறியவர், சாகும்போதும் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

அன்பு நேயர்களே, தவக்காலத்தில் நாம் எல்லாரும் ஏதோ ஒரு சிகரத்தைக் குறிவைத்து நடக்கிறோம். இத்தனை நாள் ஒருசந்தி, இத்தனை சிலுவைப்பாதை, வேளாங்கண்ணிக்கு நடைபயணம். எல்லாம் நல்லதே. ஆனால் இன்று மாலை ஒருமுறை உங்கள் வீட்டில் எண்ணிப் பாருங்கள். மூத்த பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்த்து ஓடும்போது, பத்தாம் வகுப்பில் தவறிய இளைய பிள்ளை எங்கே உட்கார்ந்திருக்கிறான்? ஞாயிறு திருப்பலிக்கு முதல் வரிசையில் வந்த பாட்டி, முழங்கால் வலியால் வருவதை நிறுத்தி எத்தனை வாரமாகிறது? திருப்பூருக்கு வேலைக்குப் போன பங்கு இளைஞனை யாராவது தொலைபேசியில் கூப்பிட்டோமா? அவர்கள் குறை சொல்லமாட்டார்கள். "நீங்க போயிட்டு வாங்க" என்றுதான் சொல்வார்கள். அதை நம்பிப் போய்விடாதீர்கள்.

நம் மலையையும் எண்ணிப் பாருங்கள். ஒரு காலத்தில் மொட்டையாக நின்ற திருவண்ணாமலை இன்று பச்சையாகத் தெரிகிறது என்றால், பல ஆண்டுகளாகப் பலர் கன்று நட்டுத் தண்ணீர் சுமந்திருக்கிறார்கள். தவக்காலம்தான் நம் மலையில் தீப்பிடிக்கும் காலமும். அணைக்காத ஒரு பீடித் துண்டு போதும். படைப்பைக் காப்பது நம் விசுவாசத்தின் பகுதி என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் சுற்றுமடலில் கற்பித்தார். நமக்குப் பின்னால் வருகிற பிள்ளைகளுக்கு மலை பச்சையாக இருக்க வேண்டும். அதுவும் பின்னால் வருகிறவரைப் பார்ப்பதுதான்.

அந்தப் பையன் இப்போது படிப்பு முடித்து வேலையில் இருக்கிறான். அடுத்த ஆண்டு இளைஞர்கள் ஜவ்வாது மலைக்குப் போனபோது, "நான் கடைசியா வர்றேன் ஃபாதர்" என்று அவனே முன்வந்தான். நான் அவனுக்கு முன்னால் நடந்தேன். அன்று ஒருவரும் குறையவில்லை.

செபிப்போம். ஆண்டவரே, உமது ஒளியைக் காண எங்களை மலைக்கு அழைத்துச் செல்லும். மேகம் மூடும்போது உமது குரலுக்குச் செவிசாய்க்கும் பணிவைத் தாரும். கீழே எங்களுக்காகக் காத்திருப்பவர்களிடம் எங்களைக் கைப்பிடித்து இறக்கிவிடும். எங்களுக்குப் பின்னால் யாரும் விடப்படாதபடி எங்கள் கண்களைத் திருப்பியருளும். ஆமென்.